விரல்கள் போனதற்கு வந்த பணம்: விவாகரத்தில் அதை எப்படிக் கணக்குக் காட்டுவது

"அக்கா, இதை உன் கணக்கில் போட்டு வை. கேஸ் முடிந்ததும் வாங்கிக்கொள்கிறேன்" என்று என் தம்பி சொன்னபோதே நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. கோவையில் ஒரு தொழிற்சங்க அலுவலகத்தில் 22 ஆண்டுகள் தட்டச்சு செய்தவள் நான். விபத்து இழப்பீட்டு மனுக்கள் எத்தனை அடித்துக் கொடுத்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. ஆனாலும் தன் வீட்டுக்கு வரும்போது படித்ததெல்லாம் மறந்துபோகும். 2023 ஜூனில் நாலரை லட்சம் ரூபாய் அவன் கணக்கிலிருந்து என் கணக்குக்கு மாறியது. பாஸ்புக்கில் விழுந்த அந்த ஒரு வரி, குடும்ப நல நீதிமன்றத்தில் எங்களை ஒரு வருடம் அலைய வைத்தது.

அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதையும் அலுவலகத்தில் பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன். வேலையிடத்து விபத்துக்கு இழப்பீடு வாங்கியவர், வாங்கப்போகிறவர், அவருடைய மனைவி அல்லது கணவர், யாராக இருந்தாலும் விவாகரத்து என்று வந்துவிட்டால் இந்தப் பணம் என்ன ஆகும் என்ற கேள்வி கட்டாயம் வரும். வக்கீலுக்குப் பதிலாக இதைப் படிக்காதீர்கள். வக்கீலிடம் போகும் முன் படியுங்கள்.

முதலில் தம்பியின் கணக்கு. அவன் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு சிறிய பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டியவன். 2021 மார்ச்சில் வலது கையில் மூன்று விரல்கள் போயின. அப்போது வயது 33, சம்பளம் 18,000. பத்துப் பேருக்குக் குறைவான பட்டறை என்பதால் இ.எஸ்.ஐ. என்ற அரசுக் காப்பீடு கிடையாது, 1923 ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம்தான் கதி. அந்தச் சட்டத்தில் கணக்கு இப்படிப் போகும்: மாதச் சம்பளத்தில் 60 சதவீதம், அதை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும், வருவதை இழந்த உழைப்புத் திறனின் சதவீதத்தால் குறைக்க வேண்டும். சம்பளம் 18,000 ஆனாலும் 2020 ஜனவரி அறிவிப்பின்படி 15,000 தான் உச்சவரம்பு. அதில் 60 சதவீதம் 9,000. 33 வயதுக்குக் காரணி 201.66. ஒரு கையில் மூன்று விரல் இழப்புக்கு அட்டவணையில் 30 சதவீதம். பெருக்கிப் பார்த்தால் 5,44,482 ரூபாய். தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி சேர்ந்து கைக்கு வந்தது ஏறக்குறைய 6,75,000.

இடையில் பட்டறை முதலாளி 40,000 ரூபாயைக் கையில் கொடுத்து வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று சட்டமே சொல்வதால் அது எங்களைத் தடுக்கவில்லை. ஆனால் அந்த நாற்பதாயிரம் பின்னால் விவாகரத்து வழக்கிலும் தலைகாட்டியது. ரொக்கமாக வாங்கியது யாருக்கும் தெரியாது என்று நினைக்காதீர்கள். அன்று பக்கத்தில் நின்று எண்ணிப் பார்த்தது அவன் மனைவிதான்.

இப்போது புதிய சட்டம் வந்துவிட்டதே என்று கேட்பீர்கள். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2020 நடைமுறைக்கு வந்திருக்கிறது. இ.எஸ்.ஐ. சட்டமும் இழப்பீட்டுச் சட்டமும் அதற்குள் அடங்கிவிட்டன. வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்தும், வேலையோடு தொடர்பு இருந்தால், இப்போது கணக்கில் வருகிறது. நம் கேள்விக்கு வேண்டிய அடிப்படை மாறவில்லை.

பாதி உண்டா?

தம்பி மனைவியின் மனுவில் "இழப்பீட்டுத் தொகையில் சரிபாதி" என்று ஒரு வரி இருந்தது. யாரோ யூடியூபில் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவில் பல மாநிலங்களில் திருமண காலத்தில் சேர்ந்த சொத்தை இருவருக்கும் பிரிக்கும் சட்டம் உண்டு. அங்கே விபத்து இழப்பீட்டில் எந்தப் பகுதி இழந்த சம்பளம், எந்தப் பகுதி உடல் வலிக்கானது என்று பிரித்துப் பார்ப்பார்கள். அந்தக் காணொளிகளைத் தமிழில் பேசிவிட்டால் நம் ஊர்ச் சட்டம் ஆகிவிடுமா?

இந்தியாவில், கோவாவின் சிவில் சட்டத்தை விட்டுவிட்டால், கணவன் மனைவிக்குப் பொதுச் சொத்து என்று ஒன்று கிடையாது. யார் பெயரில் இருக்கிறதோ அவருடையது. இந்து திருமணச் சட்டம் 27 ஆவது பிரிவு பிரித்துத் தருவது, திருமணத்தின்போதோ அதையொட்டியோ இருவருக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட பொருள்களை மட்டுமே. விபத்துப் பணம் அதில் வராது. அதனால் பாதி கேட்டு வரும் மனுவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இவ்வளவைக் கேட்டதும் தம்பியின் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்திருக்க வேண்டும். அங்கேதான் அவன் தவறு செய்தான், நானும் சேர்ந்துதான். பங்கு இல்லை என்றால் பேச்சே இல்லை என்று எடுத்துக்கொண்டோம். பங்கு என்பது ஒன்று, ஜீவனாம்சம் என்பது வேறு. சொத்தாக அந்தப் பணத்தைப் பிரிக்க மாட்டார்கள். வசதியாக அதைக் கணக்கில் எடுப்பார்கள். இந்து திருமணச் சட்டத்தின் 24 ஆவது பிரிவில் இடைக்கால ஜீவனாம்சம் கேட்டாலும் சரி, 25 இல் நிரந்தர ஜீவனாம்சம் கேட்டாலும் சரி, முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125 ஆக இருந்து 2024 ஜூலை முதல் பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய சட்டத்தில் 144 ஆகிவிட்ட பிரிவில் கேட்டாலும் சரி, நீதிபதி பார்ப்பது இருவருடைய வருமானத்தையும் சொத்தையும் தேவையையும்தான். வங்கியில் ஐந்து லட்சம் கிடந்தால் அதன் வட்டி உங்கள் வருமானம். ஏழு சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 35,000. மாதம் மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த மூவாயிரம் யாருக்கும் தெரியாது என்று நினைப்பவர்களுக்குத்தான் அடுத்த பகுதி.

பிரமாணப் பத்திரத்தில் நீங்களே முதலில் எழுதுங்கள்

2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் நாடு முழுவதுக்கும் ஒரே படிவம் போட்டுக் கொடுத்தது. ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் தங்கள் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் அந்தப் படிவத்தில் பிரமாணமாகத் தாக்கல் செய்ய வேண்டும். எதிர்த்தரப்புக்கு அதிகபட்சம் நான்கு வாரம். கூடவே மூன்று ஆண்டு வங்கிக் கணக்கு விவரம். பொய் சொன்னால் பொய்ச் சாட்சியத்துக்கான நடவடிக்கை வரும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

தம்பி அந்தப் படிவத்தில் "இழப்பீடு பெற்றேன், கடன்களை அடைத்துவிட்டேன்" என்று எழுதினான். மனைவியின் வக்கீல் வங்கிக் கணக்கைப் புரட்டினார். பணம் வந்த மூன்றாம் நாள் நாலரை லட்சம் ஒரே பரிவர்த்தனையாக ஒரு பெண்ணின் கணக்குக்குப் போயிருக்கிறது.

"இது யார்?"

"என் அக்கா."

"அக்காவிடம் வாங்கிய கடனுக்குப் பத்திரம் இருக்கிறதா?"

இல்லை. இருக்கும் வழியும் இல்லை, அவன் என்னிடம் கடனே வாங்கவில்லை. நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அவனைப் பார்த்தார். திட்டவில்லை. "திருத்திய பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்யுங்கள்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு நான் பணத்தைத் திருப்பி அனுப்பினேன், அவன் திருத்தித் தாக்கல் செய்தான். ஆனால் அன்றிலிருந்து அவன் சொன்ன எதையும் எதிர்த்தரப்பு நம்பவில்லை. 9,000 ரூபாய்க்குத்தான் வேலை பார்க்கிறேன் என்று அவன் சொன்ன உண்மையையும் நம்பவில்லை. கிடங்கில் சரக்குக் கணக்கு எழுதும் வேலை அது, இடது கையால். சம்பளச் சீட்டு, கிடங்கு மேலாளர் கடிதம், வருகைப் பதிவேட்டின் நகல் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்து நிரூபிக்க எட்டு வாய்தா ஆனது.

அதனால் செய்ய வேண்டியது இது. இழப்பீடு வந்தவுடன் தனிக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். சம்பளம் வரும் கணக்கில் இதைக் கலக்காதீர்கள். பெரும்பகுதியை உங்கள் பெயரிலேயே வைப்புத்தொகையாகப் போடுங்கள். இழப்பீட்டை முடிவு செய்யும் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரின் உத்தரவு நகல், மருத்துவக் குழுவின் ஊனச் சான்று, பணம் வந்த தேதி, அதிலிருந்து எடுத்து எதற்குச் செலவழித்தீர்கள் என்ற பில்கள், எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். தம்பிக்கு இரண்டாவது அறுவைக்கும் பிசியோதெரபிக்கும் சேர்த்து எழுபதாயிரம் செலவானது. அதில் பாதிக்குத்தான் பில் இருந்தது. பில் இருந்த பாதியை நீதிபதி அப்படியே கழித்துக்கொண்டார். இல்லாத பாதிக்கு எங்கள் வாய்வார்த்தைதான்.

பிரமாணப் பத்திரத்தில் தொகையை எழுதும்போது, வெறும் தொகையை எழுதாதீர்கள். அது எதற்கான தொகை என்பதையும் எழுதுங்கள். இந்த ஒரு விஷயத்தில் கொஞ்சம் நின்று நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் வழக்கு திரும்பிய இடம் இதுதான்.

எழுபத்தைந்து மாதக் கணக்கு

இழப்பீட்டுத் தொகை லாட்டரிப் பரிசு அல்ல. சட்டத்தின் கணக்கைப் பாருங்கள்: சம்பளம், வயது, இழந்த உழைப்புத் திறன். இனி வாங்க முடியாமல் போன சம்பளத்தை முன்கூட்டியே சேர்த்துக் கொடுப்பதுதான் அது. மனைவி தரப்பு இரண்டையும் கேட்டது: மொத்தத் தொகையில் பாதி, அது போக அவனுடைய பழைய சம்பளம் 18,000 ஐ வைத்து மாத ஜீவனாம்சம். பழைய சம்பளத்தை அவன் வருமானமாகக் காட்டினால், அந்தச் சம்பளம் போனதற்காக வந்த பணத்தைத் தனியாக இன்னொரு முறை எண்ணக் கூடாது. ஒரே பணம் இரண்டு முறை கணக்கில் ஏறிவிடும்.

சமரச மையத்தில் இதை வாயால் சொல்லிப் பார்த்தோம், எடுபடவில்லை. பிறகு ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். முன்பு 18,000, இப்போது 9,000, மாதம் 9,000 பள்ளம். கையில் வந்தது 6,75,000. அதை 9,000 ஆல் வகுத்தால் 75. அதாவது ஆறே கால் வருடத்துக்குப் பள்ளத்தை அடைக்கும் மண் அது. விபத்து நடந்து இரண்டேகால் வருடம் கழித்துத்தான் பணமே வந்தது. அந்த 27 மாதங்களைக் கழித்தால் மீதி 48. அவனுக்கு 35 வயது முடிந்திருந்தது. நாற்பது வயதுக்குள் தொகை தீர்ந்துவிடும், விரல்கள் வரப்போவதில்லை.

தம்பி மனைவி அந்தத் தாளை எடுத்து நெடுநேரம் பார்த்தாள். அவள் கணக்குத் தெரிந்தவள், தையல் யூனிட்டில் பீஸ் ரேட் எழுதுபவள். "அண்ணி, இதை முதலிலேயே காட்டியிருக்கலாமே" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

அவள் பக்கம்

இது தம்பிக்காக மட்டும் எழுதும் குறிப்பு அல்ல. அவள் பதினான்கு மாதம் அவனுக்குச் சோறு பிசைந்து கொடுத்தாள், சட்டைப் பொத்தான் போட்டுவிட்டாள், இரவில் கட்டு மாற்றினாள். அதற்கெல்லாம் இழப்பீட்டில் பங்கு என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் 25 ஆவது பிரிவில் "இரு தரப்பின் நடத்தை, மற்றச் சூழ்நிலைகள்" என்று ஒரு வாசல் இருக்கிறது. விபத்துக்குப் பிறகு வேலையை விட்டுக் கவனித்துக்கொண்டவர், எத்தனை மாதம் வேலைக்குப் போகவில்லை, எவ்வளவு சம்பளம் இழந்தார் என்பதைத் தன் பிரமாணப் பத்திரத்தில் கட்டாயம் எழுத வேண்டும். பெரும்பாலான பெண்கள் எழுதுவதில்லை. அதையெல்லாமா எழுதுவது என்று கூச்சப்படுகிறார்கள்.

அதைவிட உறுதியான பிடி நகை. மருத்துவமனையில் முதல் நாளே பணம் கட்டச் சொன்னபோது அவள் கழுத்திலிருந்தும் கையிலிருந்தும் கழற்றிக் கொடுத்தது ஆறு பவுன். வங்கியில் வைத்து 1,60,000 வாங்கினோம். பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் போட்ட நகை அவளுக்கே சொந்தம், கணவனுக்குக் கூட்டு உரிமை கிடையாது. ஆபத்துக்கு எடுத்துப் பயன்படுத்தலாம். ஆனால் அதையோ அதன் மதிப்பையோ திருப்பித் தர வேண்டும். 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதை மறுபடியும் தெளிவாகச் சொன்னது. ஆகவே மனைவியின் வக்கீல் பாதி இழப்பீடு கேட்டு நேரத்தை வீணாக்காமல், அடகுச் சீட்டோடு நகையைக் கேட்டிருந்தால் முதல் வாய்தாவிலேயே ஒரு கால் உள்ளே வைத்திருக்கலாம். பெண்களுக்குச் சொல்கிறேன்: அடகுச் சீட்டு உங்கள் பெயரில் இருக்கட்டும். கணவன் பெயரில்தான் வைக்க முடிந்தது என்றால் சீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள்.

குழந்தையின் பங்கு தனி. மகளுக்கு அப்போது எட்டு வயது. தாய் தனக்கு எதுவும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலும் குழந்தையின் ஜீவனாம்சத்தை அவளால் விட்டுக்கொடுக்க முடியாது, அது குழந்தையின் உரிமை. இழப்பீட்டுப் பணத்திலிருந்து குழந்தை பெயரில் வைப்புத்தொகை போடுவது இரு தரப்பும் சண்டையில்லாமல் ஒப்புக்கொள்ளும் வழி. சமரச மையங்களிலும் இதைத்தான் முதலில் பேசுவார்கள்.

ஜப்தி செய்ய முடியுமா?

இழப்பீட்டுச் சட்டத்தின் 9 ஆவது பிரிவு, இந்தச் சட்டப்படி தரவேண்டிய தொகையை அடகு வைக்கவோ பிறருக்கு மாற்றிக் கொடுக்கவோ ஜப்தி செய்யவோ முடியாது என்றது. இ.எஸ்.ஐ. சட்டத்தின் 60 ஆவது பிரிவு ரொக்கப் பயன்களுக்கு அதே பாதுகாப்பைக் கொடுத்தது. புதிய சட்டத்தொகுப்பிலும் இந்த விதி இருக்கிறது. ஆனால் "தரவேண்டிய" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆணையரிடமோ இ.எஸ்.ஐ. அலுவலகத்திலோ இருக்கும் வரை பாதுகாப்பு பலமானது. உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்து, சம்பளத்தோடு கலந்து, நாலு பேருக்குக் கைமாறிய பிறகு எது இழப்பீடு, எது சம்பளம் என்று யார் பிரித்துக் காட்டுவது? தனிக் கணக்கு என்று மேலே சொன்னதற்கு இது இரண்டாவது காரணம். சாதாரணச் சம்பளத்துக்கோ பாதுகாப்பு மிகக் குறைவு: ஜீவனாம்சத் தீர்ப்பை நிறைவேற்றும்போது மூன்றில் ஒரு பங்கை மட்டும் விட்டுவிட்டு மீதியைப் பிடித்தம் செய்யலாம்.

ஜப்தி செய்ய முடியாது என்பதால் ஜீவனாம்சம் கட்ட வேண்டியதில்லை என்று ஒருவர் எங்கள் அலுவலகத்தில் வாதாடினார். இ.எஸ்.ஐ.யில் நிரந்தர ஊன உதவித்தொகை மாதாமாதம் வாழ்நாள் முழுக்க வாங்குபவர். ஜீவனாம்சத்தை ஐந்து மாதம் கட்டாமல் இருந்தார். உதவித்தொகையை யாரும் தொடவில்லை, ஆளைத்தான் தொட்டார்கள். பாக்கிக்கு வாரண்டு வந்தது. பாக்கியுள்ள ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை என்று பி.என்.எஸ்.எஸ். 144 சொல்கிறது. கட்ட முடியாத நிலை உண்மையாகவே வந்தால், தீர்ப்புக்குப் பிறகு விபத்து நடந்தால், உடனே தொகையைக் குறைக்கக் கோரி மனுப் போடுங்கள். இந்து திருமணச் சட்டம் 25(2) இலும் பி.என்.எஸ்.எஸ். 146 இலும் வழி இருக்கிறது. ஊனச் சான்றோடு போனால் கேட்பார்கள். கட்டுவதை நிறுத்திவிட்டுக் காரணம் சொல்லப் போனால் கேட்க மாட்டார்கள்.

இன்னொன்று, ஆண்கள் பலருக்கு இது புதிய செய்தி. அடிபட்ட கணவனும் ஜீவனாம்சம் கேட்கலாம். இந்து திருமணச் சட்டத்தின் 24, 25 இரண்டும் கணவன் மனைவி யாருக்கும் பொருந்தும். மனைவிக்கு நல்ல சம்பளம், கணவனுக்கு இரண்டு காலும் போய்விட்டது என்றால் கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. சிறப்புத் திருமணச் சட்டத்திலும் கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டத்திலும் மனைவிக்கு மட்டுமே அந்த உரிமை. பதிவுத் திருமணம் செய்தவர்கள் எந்தச் சட்டத்தில் பதிந்தார்கள் என்பதைச் சான்றிதழில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடிபட்டவர் பெண்ணாக இருந்தால் கதை வேறு மாதிரி போகும். பஞ்சாலையில் கை போன ஒரு பெண்ணுக்கு ஆணையர் கொடுத்த பணம், கணவனோடு கூட்டுக் கணக்கில் விழுந்தது. ஒரு வாரத்தில் அது மோட்டார் சைக்கிள் ஆகிவிட்டது. இழப்பீடு வரும் கணக்கு உங்கள் ஒருவர் பெயரில் மட்டும் இருக்க வேண்டும். மனுப் போடும்போதே அந்தக் கணக்கு எண்ணைக் கொடுங்கள்.

இழப்பீட்டுப் பணத்தில் மனைவி பெயரில் இடம் வாங்குவதும் நம் ஊரில் வழக்கம். பத்திரம் அவள் பெயரில் இருந்தால் வெளிப்பார்வைக்கு இடம் அவளுடையது. மனைவி பெயரில் கணக்குக் காட்டக்கூடிய பணத்தில் வாங்கியதைப் பினாமிச் சட்டம் விலக்கி வைத்திருப்பதால், பணம் என்னுடையது என்று கணவன் வழக்குப் போட வழி உண்டு. குடும்ப நல நீதிமன்றமே அதை விசாரிக்கும். ஆனால் அது வருடக் கணக்கில் இழுக்கும் வழக்கு. இழப்பீட்டிலிருந்துதான் காசோலை போனது என்பதைக் காட்ட ஒரு தாள்கூட இல்லாமல் வந்தவர்கள்தான் அதிகம்.

இழப்பீட்டு வழக்கு இன்னும் முடியவில்லை, விவாகரத்து முந்திக்கொண்டது என்றால் அதையும் மறைக்க வேண்டாம். வழக்கு எண்ணோடு "நிலுவையில் உள்ளது" என்று எழுதுங்கள். இடையில் தொழிலாளி இறந்துவிட்டால், பிரிந்து வாழ்ந்தாலும் தீர்ப்பு வராதவரை மனைவி மனைவிதான். விதவையாக அவள் பங்குக்கு வரலாம். தீர்ப்பு வந்துவிட்டால் அவளுக்கு இல்லை, பிள்ளைகளுக்கு உண்டு.

வக்கீல் வைக்கப் பணமில்லை என்பவர்களுக்கு: 1987 ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12 ஆவது பிரிவில் பெண்கள், குழந்தைகள், ஊனமுற்றோர், தொழிற்சாலைத் தொழிலாளர் ஆகியோருக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. அதாவது எங்கள் வழக்கில் இருவருக்குமே தகுதி இருந்தது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம். நாங்கள் இரு தரப்பும் வக்கீலுக்குக் கொடுத்த பணத்தில் நகையில் பாதியை மீட்டிருக்கலாம்.

ஒப்பந்தம் எழுதும்போது

கடைசியில் மனமொத்த விவாகரத்துக்கு வந்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் பிரிந்து வாழ்ந்தாகிவிட்டது. ஆறு மாதக் காத்திருப்பை, 2017 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டித் தள்ளுபடி வாங்கினோம். ஒப்பந்தத்தில் எழுதியது இவ்வளவுதான்: மகள் பெயரில் 1,50,000 வைப்புத்தொகை, தாய் காப்பாளர், பதினெட்டு வயதுக்கு முன் நீதிமன்ற அனுமதி இல்லாமல் எடுக்கக் கூடாது. மகளுக்கு மாதம் 3,000, ஐந்தாம் தேதிக்குள், வங்கி வழியாக. நகையைத் தம்பி மீட்டுத் தர வேண்டும். மீதி இழப்பீட்டுத் தொகையிலும், மேல்முறையீட்டில் அது கூடினாலும் குறைந்தாலும் அதிலும், மனைவிக்குக் கோரிக்கை இல்லை. இந்தக் கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இழப்பீட்டு உத்தரவின் மேல் உயர் நீதிமன்றத்துக்குப் போக இரு தரப்புக்கும் வழி இருக்கும்போது, தொகை மாறினால் என்ன செய்வது என்று எழுதாமல் விட்டால் பழைய சண்டை புதிதாகத் தொடங்கும்.

"விபத்து இழப்பீடு" என்ற சொல்லையும், ஆணையரின் உத்தரவு எண்ணையும், தேதியையும் ஒப்பந்தத்தில் அப்படியே போடுங்கள். "என் வங்கி இருப்பு" என்று பொதுவாக எழுதினால் நாளைக்கு எது எது என்று தெரியாது.

நகை விஷயத்தில் நானே ஒரு பிழை செய்தேன். ஒப்பந்தத்தைத் தட்டச்சு செய்தது நான்தான். "ஆறு பவுன், அதாவது 48 கிராம்" என்று அடித்தேன். வங்கியில் அசலும் வட்டியும் கட்டி நகையை மீட்ட அன்று மதிப்பீட்டாளர் தராசில் வைத்தார். 47.600. தம்பி மனைவி தராசைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நானூறு மில்லிகிராம் எங்கே? யாரும் எடுக்கவில்லை. பத்து வருடம் கழுத்தில் கிடந்த சங்கிலி தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அடகு வைத்த அன்றைய சீட்டிலேயே 47.600 என்றுதான் இருந்தது. அதைக் காட்டிய பிறகுதான் அவள் ரசீதில் கையெழுத்துப் போட்டாள். நீங்கள் எழுதும்போது பவுன் கணக்கை விடுங்கள், அடகுச் சீட்டில் இருக்கும் எடையை அப்படியே எழுதுங்கள்.